ஸ்லைடில் எதை வைப்பது, எதை வாயால் சொல்வது?

ஆய்வுமேசை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேமிப்பு வெப்பநிலை விதைகளின் முளைப்புத்திறனை எப்படிப் பாதிக்கிறது என்பது குறித்த என் ஆய்வின் முடிவுகளை அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் தமிழில் வழங்க இருக்கிறேன். பேசுவதற்கு 20 நிமிடமும் கேள்விகளுக்கு 5 நிமிடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். இப்போது கையில் 34 ஸ்லைடுகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஆய்வேட்டிலிருந்து எடுத்த ஓர் அட்டவணையோ வரைபடமோ இடப்பக்கம் இருக்கும். அதை விளக்கும் ஆறேழு புல்லட் வரிகள் வலப்பக்கம் இருக்கும். நெறியாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, விவரங்களில் குறையில்லை என்றாலும் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது ஸ்லைடிலேயே கண் சோர்ந்துவிடும் என்றார். அழகுபடுத்தலாம் என்று பின்னணியில் மங்கலான இலைப் படம் ஒன்றைச் சேர்த்து, வரிகள் ஒவ்வொன்றாகப் பறந்து வரும்படி அனிமேஷனும் கொடுத்தேன். அதன் பிறகு பார்க்க இன்னும் நெரிசலாகத்தான் இருக்கிறது.

ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, வரிக்கு ஆறு சொல் என்று ஒருவர் எழுதுகிறார். மொத்தமே பத்து ஸ்லைடுதான் இருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைப் பின்பற்றுவது? எழுத்தின் அளவு, நிறம், தமிழ் எழுத்துரு ஆகியவற்றை எந்த அடிப்படையில் முடிவு செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடைசிவரிசை பதில்:

வணக்கம். இலைப் படத்தையும் பறந்து வரும் வரிகளையும் முதலில் எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆய்வேடு என்பது ஒருவர் தனியே உட்கார்ந்து, தம் வேகத்தில், புரியாத இடத்தில் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துப் படிப்பதற்காக எழுதப்படுவது. ஸ்லைடைப் பார்ப்பவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. உங்கள் குரல் ஒரு பக்கம் இழுக்க, திரை இன்னொரு பக்கம் இழுக்க, நீங்கள் எப்போது அடுத்ததற்குப் போவீர்கள் என்பதும் தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வலப்பக்க வரிகள் நீங்கள் வாயால் சொல்லப் போகும் வரிகள்தாம் என்று ஊகிக்கிறேன். எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருப்பது எவருக்கும் கடினம்; படித்துக்கொண்டிருக்கும் வரை பேச்சு காதில் ஏறாது. படமும் பேச்சும் சேர்ந்து வரும்போது நன்றாகக் கற்பவர்கள், அதே பேச்சு எழுத்தாகவும் திரையில் ஓடும்போது குறைவாகவே கற்கிறார்கள் என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அந்த ஆறேழு வரிகளையும் வெட்டி, ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் ஒட்டிவிடுங்கள். பேசும்போது பிரசென்டர் வியூவில் அவை உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அடுத்தது தலைப்பு. "முடிவுகள்", "முடிவுகள் தொடர்ச்சி", "விவாதம்" என்று எழுதியிருப்பீர்கள். அவை அறையின் கதவில் மாட்டும் பலகைகள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும், அந்த ஸ்லைடு நிறுவ விரும்பும் கூற்றை வினைமுற்றோடு சொல்லும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அது இரண்டு வரிக்கு மிகக்கூடாது. அந்தக் கூற்றுக்குச் சான்றாக நிற்கும் படமோ வரைபடமோ மட்டும் கீழே இருக்கட்டும். மைக்கேல் ஆலி என்ற பேராசிரியர் பொறியாளர்களிடமும் அறிவியலாளர்களிடமும் பரப்பிய முறை இது. இதில் இன்னொரு பயனும் உண்டு: எந்த ஸ்லைடுக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லையோ, அந்த ஸ்லைடு தேவையில்லாதது.

தலைப்பு ஒன்று சொல்ல, சான்று இன்னொன்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று நாசாவின் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே சேதத்தை மதிப்பிட்ட பொறியாளர்கள், தம் கணிப்பை ஸ்லைடுகளாக மேலாளர்களுக்குக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்று நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், உள்தள்ளிய கடைசிப் புல்லட்களில் ஒன்றாக, விழுந்த துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என்றும் சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்றும் எழுதியிருந்தது. அதாவது 640 மடங்கு வேறுபாடு. சோதனைத் தரவு இந்த நிலைமைக்குப் பொருந்தவே பொருந்தாது என்று பொருள். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி, அதில் இருந்த எழுவரும் இறந்தனர். ஸ்லைடினால் மட்டுமே விபத்து நேர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிக்கும் ஒரு மூத்த மேலாளர் உயிராபத்தை உணராமல் போவது எளிது என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியது. 640 மடங்கு என்பது தலைப்பில் இருந்திருக்க வேண்டிய செய்தி.

ஆறுக்கு ஆறு, பத்து ஸ்லைடு ஆகியவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், 30 புள்ளி எழுத்து என்பது முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கப் போகும் நிறுவனங்களுக்காகத் தொழில்முனைவு பற்றி எழுதும் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்னது. 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா என்ற குறும்பேச்சு நிகழ்வுகளில் 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி; அங்கே அதுவும் ஓடுகிறது. மனிதரின் உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு பொருள்தான் நிற்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு ஏழு புல்லட் வரை போடலாம் என்பாரும் உண்டு. திரையில் கண்ணுக்கு எதிரே இருப்பதை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை என்பதால் அது பொருந்தாத மேற்கோள்.

தூரிகை பதில்:

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். கண்ணுக்கு இதமாக இருப்பது பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்தின் அளவை மென்பொருள் காட்டும் எண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். பவர்பாயின்ட்டின் அகலத்திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டது, 7.5 அங்குலம் என்பது 540 புள்ளி. ஆகவே 27 புள்ளி எழுத்து என்றால், திரை எவ்வளவு பெரிதானாலும், அதன் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. அது போதுமா என்பதைக் கடைசி வரிசை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அந்தத் தொலைவைத் திரையின் அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். திரை 2.4 மீட்டர் அகலம், கடைசி வரிசை 12 மீட்டர் தொலைவு என்றால் விடை 5. உங்கள் மடிக்கணினித் திரை 31 செ.மீ. அகலம் என்றால், அதைப் போல் 5 மடங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஸ்லைடைப் பாருங்கள். அங்கிருந்து சிரமமின்றிப் படிக்க முடிகிற எழுத்துதான் அரங்கில் படிக்க முடிகிற எழுத்து. வரைபடத்தின் அச்சில் உள்ள எண்கள்தான் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். ஆய்வேட்டுப் பக்கத்துக்காக வரைந்த படத்தைப் பெரிதாக்கி ஒட்டினாலும் அந்த எண்கள் போதிய அளவு பெரிதாவதில்லை. வரைந்த மென்பொருளுக்கே திரும்பிப் போய் எழுத்தைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் விளிம்புகள் மங்கும் என்பதால், இயன்றவரை எஸ்விஜி போன்ற, பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவில் சேருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, எந்த நிறம் அழகு என்பதற்கு முன்பு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே எவ்வளவு ஒளிவேறுபாடு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இணையதளங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று வரையறுக்கின்றன. வெள்ளையில் தூய மஞ்சள் 1.1ஐக்கூட எட்டாது. தூய நீலப் பின்னணியில் தூய சிவப்பு, எவ்வளவு பளிச்சென்று தோன்றினாலும், 2.2க்குள்தான் நிற்கிறது. ப்ரொஜெக்டர் இந்த எண்களை இன்னும் கீழே இறக்கிவிடும். ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது, ஒளி விழாத திரையைத்தான் அது கறுப்பென்று காட்டுகிறது. அரங்கில் விளக்கு எரிந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். விளக்கை அணைப்பார்களா என்று தெரியாத இடத்துக்கு வெளிர் பின்னணியும் அடர் எழுத்துமே பாதுகாப்பானவை. உங்கள் இலைப் படம் கெடுத்ததும் இதைத்தான்: படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும், சில எழுத்துகள் வெளிர்ப் பகுதியின் மீதும் சில அடர்ப் பகுதியின் மீதும் விழுவதால் ஒரே வரியிலேயே தெளிவு மாறிக்கொண்டிருக்கும்.

தமிழ் எழுத்துருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்துக்காக எழுதப்பட்டவை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்தும் நம் எழுத்து மரபில் வந்ததன்று, மென்பொருள் எழுத்தைச் சாய்த்துக் காட்டினால் வளைவுகள் கோணலாகின்றன. ஆகவே அழுத்தம் கொடுக்க நமக்கு மிஞ்சுவன தடிமன், அளவு, நிறம் ஆகிய மூன்றே. தடித்த வடிவம் தனியாக வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இல்லாதவற்றில் மென்பொருளே கோட்டைப் பருமனாக்கும்போது ணை, னை, ஞூ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவற்றில் பல தடிமன்கள் உள்ளன. முக்தா மலரிலும் கேட்டமரனிலும் ரோமன் எழுத்தும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டிருப்பதால், இடையில் ஓர் அறிவியல் பெயர் வந்தாலும் வேறு கை எழுதியதுபோல் தோன்றாது. மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால் வரி இடைவெளியை 1.2க்குக் குறைக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமன் செய்தால் நடுவில் பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கட்டும்.

மற்றவை எளியவை. தலைப்பு எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் தொடங்கட்டும். எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் ஸ்லைடு மாஸ்டரில் அதை ஒருமுறை அமைத்துவிட்டால் கையால் நகர்த்த வேண்டியதில்லை. நிறுவனச் சின்னம் முதல் ஸ்லைடில் இருந்தால் போதும்.

கோப்புக்கட்டு பதில்:

இருவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். எழுத்தே இல்லாத ஸ்லைடு மேடையில் எடுபடும், மறுநாள் மின்னஞ்சலில் வந்தால் ஒன்றும் புரியாது. பல இடங்களில் கூட்டத்துக்கு வராதவர்களும் ஸ்லைடு கோப்பை மட்டும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கேள்வி கேட்டவரின் ஸ்லைடுகளையும் கருத்தரங்கத்தார் தொகுப்பில் சேர்க்கக்கூடும். அப்போது ஒரு வரைபடமும் ஒரு வாக்கியமும் மட்டும் இருந்தால், ஆய்வின் மாதிரி அளவு என்ன, எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது என்பதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

கடைசிவரிசை பதில்:

நியாயமான கேள்வி. என் விடை, இரண்டையும் ஒரே கோப்பால் செய்ய முயலக்கூடாது என்பதுதான். பேசும்போது காட்டுவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என்று பிரித்துவிட வேண்டும். இதற்கு இரட்டை வேலை தேவையில்லை. வெட்டிய வரிகளைக் குறிப்புப் பகுதியில் ஒட்டச் சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்து முழு வாக்கியங்களாக எழுதிவிட்டு, குறிப்புப் பக்கங்கள் என்ற அமைப்பில் பிடிஎஃப்பாக எடுத்தால் மேலே ஸ்லைடும் கீழே விளக்கமுமாக ஒரு கைப்பிரதி கிடைத்துவிடும். பேச்சே இல்லாமல் படிக்க மட்டும் போகிற கோப்பு என்றால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அதில் எழுத்து நிறைய இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதை அறிக்கையாகவே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

ஆய்வுமேசை பதில்:

மூவருக்கும் நன்றி. தலைப்புகளை வாக்கியங்களாக மாற்றத் தொடங்கியதும் ஒன்பது ஸ்லைடுகளுக்கு எதுவும் எழுத வரவில்லை, அவற்றை நீக்கிவிட்டேன். ஆனால் முக்கியமான ஸ்லைடு ஒன்றில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். 5, 15, 30 டிகிரி செல்சியஸ் ஆகிய மூன்று வெப்பநிலைகளில் 12 மாதங்களுக்கு மாதந்தோறும் எடுத்த முளைப்பு விழுக்காடும் திட்ட விலக்கமும் ஓர் அட்டவணையில் உள்ளன. அதன் கீழே மூன்று வண்ணங்களில் முப்பரிமாணப் பட்டை வரைபடம் இருக்கிறது. ஆய்வு இன்னும் வெளியாகாததால் மாதிரி எண்களைத் தருகிறேன்: 12ஆம் மாத முடிவில் முறையே 90, 82, 45 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் வீழ்ச்சி நான்காம் மாதத்துக்குப் பிறகுதான் வேகமெடுக்கிறது. ஆய்வின் சாரமே இதுதான் என்பதால் எதையும் விட மனம் வரவில்லை.

எண்ணும்எழுத்தும் பதில்:

இந்த ஒரு ஸ்லைடை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

12 மாதமும் 3 வெப்பநிலையும் சேர்ந்து 36 பட்டைகள். முப்பரிமாணத்தில் முன்வரிசைப் பட்டை பின்வரிசையை மறைக்கும். உச்சி எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது என்பதும் சாய்வினால் தெரியாது. பொதுவான அளவுகோலின் மீது உள்ள நிலையை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகத் துல்லியமாகச் செயல்படுகிறது என்றும், கோணம், பரப்பு, கன அளவு ஆகியவற்றை மதிப்பிடுவதில் அது தடுமாறுகிறது என்றும் புள்ளியியலாளர்களான வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மேலும் நீங்கள் காட்ட விரும்புவது காலப்போக்கில் நிகழும் மாற்றம். அதற்குக் கோட்டு வரைபடமே உரியது: கிடையச்சில் மாதம், செங்குத்தச்சில் 0 முதல் 100 வரை முளைப்பு விழுக்காடு, மூன்று கோடுகள்.

மூன்றுக்கும் மூன்று பளிச் நிறங்கள் வேண்டாம். 5, 15 டிகிரிக் கோடுகள் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், ஒன்று சற்று அடர்த்தியாக. 30 டிகிரிக் கோடு மட்டும் அடர் ஆரஞ்சில், இருமடங்கு பருமனில். சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வருவதைத் தவிர்த்துவிடுங்கள். அவ்விரண்டையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் எந்தப் பெரிய அரங்கிலும் ஒரு சிலராவது இருப்பார்கள். குறிவிளக்கப் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு கோடும் முடியும் இடத்திலேயே, அந்தக் கோட்டின் நிறத்திலேயே, "5° – 90%", "15° – 82%", "30° – 45%" என்று எழுதிவிட்டால் பார்ப்பவர் பெட்டிக்கும் கோட்டுக்கும் இடையே கண்ணை ஓட்ட வேண்டியதில்லை. கட்டக்கோடுகளை நீக்கிவிடலாம். நான்காம் மாதத்தில் மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டு, "வீழ்ச்சி இங்கே வேகமெடுக்கிறது" என்று பக்கத்தில் எழுதுங்கள். தலைப்பு: "30 டிகிரியில் ஓராண்டு இருந்த விதைகளில் பாதிகூட முளைக்கவில்லை."

திட்ட விலக்கத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், கேட்பவர்கள் ஆய்வாளர்கள். 36 புள்ளிகளிலும் பிழைக்கோடு போட்டால் நெரிசலாகும் என்றால், கோட்டைச் சுற்றி அதே நிறத்தின் வெளிர்ப் பட்டையாகக் காட்டுங்கள்; அது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்பதை வரைபடத்தின் மூலையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முழு அட்டவணையை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வையுங்கள். யாராவது ஏழாம் மாத எண் என்ன என்று கேட்டால், அந்த ஸ்லைடின் வரிசை எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் பவர்பாயின்ட் நேரே அங்கே போய்விடும்.

அனிமேஷன் இந்த ஒரு ஸ்லைடில் பயன்படும். முதலில் அச்சுகள் மட்டும் தெரியட்டும். எது மாதம், எது விழுக்காடு என்று சொல்லுங்கள். அடுத்த சொடுக்கில் 5 டிகிரிக் கோடு, பிறகு 15, கடைசியாக 30. பறப்பதோ சுழல்வதோ இல்லாமல், வெறுமனே தோன்றும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது கோடு மற்ற இரண்டையும் விட்டுக் கீழே பிரிந்து போவதை அரங்கம் தானே கண்டுகொள்ளும்.

ஆய்வுமேசை பதில்:

இப்படி மாற்றிப் பார்த்தபோது, அட்டவணையில் நானே கவனிக்காத ஒன்று தெரிகிறது: 15 டிகிரிக் கோடும் பத்தாம் மாதத்துக்குப் பிறகு இலேசாக வளைகிறது. அதை நெறியாளரிடம் பேச வேண்டும். கடைசியாக ஒன்று: அரங்கில் அவர்களுடைய கணினியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். எதையெல்லாம் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்?

தூரிகை பதில்:

எழுத்துருவைத்தான். அந்தக் கணினியில் முக்தா மலர் இல்லையென்றால் வேறொன்று அதன் இடத்துக்கு வந்து, வரிகள் நீண்டு, தலைப்பு வரைபடத்தின் மீது இறங்கிவிடும். விண்டோஸ் பவர்பாயின்ட்டில் கோப்பு, விருப்பங்கள், சேமிப்பு என்று போனால் எழுத்துருக்களைக் கோப்பிலேயே பதித்துவிடும் வசதி இருக்கிறது. உரிமம் இடம் தராத எழுத்துருக்கள் மட்டும் பதியாது. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வரி ஏதேனும் எஞ்சியிருந்தால் அது புரியாத குறிகளாக மாறிவிடும் என்பதால், பழைய கோப்புகளிலிருந்து ஒட்டிய பகுதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். பிடிஎஃப்பில் அனிமேஷன் ஓடாது. ஆகவே அந்த வரைபட ஸ்லைடை மட்டும் நான்கு தனி ஸ்லைடுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எந்தக் கோப்பு ஓடினாலும் கோடுகள் ஒவ்வொன்றாகவே வரும்.

திரை 16:9 அமைப்பா 4:3 அமைப்பா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். 4:3 திரையில் அகலத்திரை ஸ்லைடு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து சுருங்கித் தெரியும். அப்போது நான் சொன்ன தொலைவுக் கணக்கில் திரையின் உயரத்தை எடுக்காமல், படம் விழும் அகலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.